நீ சாப்பிட ஓர் இடம்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. கேட்டால் வலி, வாந்தி என்று நான்கு பக்கம் எழுதிவிடுகிறாய். பரவாயில்லை, எழுது. போனில் என்றால் நீ பேசுவதுதான் நடக்கிறது. நான் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் இந்தக் காகிதமும் பேனாவும்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஆபீசில் விருந்து வைத்தார்கள், "உங்களுக்குன்னு தனியாச் சொல்லியிருக்கோம், பயப்படாம சாப்பிடுங்க" என்றார்கள், நம்பிச் சாப்பிட்டேன், நான்கு நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை என்று எழுதியிருந்தாய். படித்த கோபத்தில் ஒரு தட்டு பன்னைக் கருக விட்டுவிட்டேன். இந்த பேக்கரியில் முப்பத்தொரு வருஷத்தில் நான் பன்னைக் கருக்கியது அதோடு மூன்றாவது தடவை. முதலாளி ஓடிவந்து, "என்ன மாஸ்டர், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். என் உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது, என் பெண்ணுக்குத்தான் இல்லை என்றேன்.

நீ பார்ப்பது நில அளவை வேலை. இன்று ஓரிடம், நாளை ஓரிடம் என்று வெயிலில் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைகிறவள், தினமும் அறையில் சோறு வடித்து டப்பாவில் கட்டிக்கொண்டு போவதென்றால் எத்தனை நாளைக்கு நடக்கும்? உன்னோடு வேலை செய்கிறவர்கள் உன்னை 'மகாராணி' என்று கூப்பிடுகிறார்களாம். கூப்பிடுகிற வாயில் மண் விழ. தன் மகனுக்கும் உன்னைப் போலவே கோதுமை ஆகாது என்பதால் உனக்குப் பார்த்துப் பார்த்துச் சமைத்த அந்தக் கடைக்காரரும் கடையை மூடிவிட்டார் என்று படித்தபோது, சொந்தக்காரர் யாரோ போனது போல இருந்தது.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய். ஜூன் கடைசியில் பத்து நாள் லீவு கிடைக்கும், வரலாம் என்று இருக்கிறேன், "ஆனா அங்க நான் எங்கப்பா சாப்பிடறது?" என்று. பெற்றவன் வீட்டுக்கு வருகிறவள் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் சுருக்கென்றது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். பிறகு போன தடவை நீ வந்தது ஞாபகம் வந்தது. புதுப் பாத்திரம் வாங்கினேன், வீட்டைக் கழுவினேன், குளிக்காமல் உன் பக்கத்தில் வரவில்லை. அப்படியும் மூன்றாம் நாள் சுருண்டு படுத்தாய். பேக்கரிக்கு மேல் குடியிருந்தால் அப்படித்தான். கீழே மாவு சலித்தால் மேலே ஜன்னல் கம்பியில் வெள்ளையாகப் படிகிறது. அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக நீ வரவில்லை. உன் மேல் தப்பில்லை.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வீடு ஆகாதென்றால் ஊரில் உனக்கு ஆகிற ஒரு கடையைக் கண்டுபிடித்தே தீருவது. நீ எழுதித் தந்த சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கோதுமை, மைதா, ரவை, பார்லி, இவை பட்ட கரண்டி, இவை பொரித்த எண்ணெய், எதுவும் கூடாது என்று அதைப் பார்த்துப் படித்துப் படித்து இப்போது மனப்பாடம்.

பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கிற கடையில் முதலில் கேட்டேன். பரிமாறுகிறவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "சுகரா சார்? அப்படின்னா கோதுமைதான் நல்லது. சூடா ரெண்டு ரொட்டி போடச் சொல்லட்டுமா?" என்றார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். "புரியுது சார், எண்ணெய் இல்லாம போடச் சொல்றேன்" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்தது கண்ணாடிக் கதவு போட்ட பெரிய இடம். அங்கே மெனு அட்டையிலேயே சூப்புக்குப் பக்கத்தில் கோதுமைக் கதிர் படம் போட்டு அதன் மேல் குறுக்கே கோடு இழுத்திருந்தார்கள். அப்பாடா என்று இருந்தது. நானும் சமையலறைக்காரன்தான், உள்ளே பார்க்கலாமா என்று மேனேஜரைக் கேட்டேன். பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கோடு போட்ட சூப்பை எதை வைத்துக் கெட்டியாக்குகிறீர்கள் என்று கேட்டேன். "சோள மாவு" என்றார்கள். டப்பாவில் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தேன். சோள மாவு என்றால் விரலுக்கடியில் கிறீச்சென்று நெருடும். இது வழவழவென்று ஒட்டுகிறது. மைதா! ஊரையே ஏமாற்றலாம், என் விரலை ஏமாற்ற முடியுமா? கத்திவிட்டேன். கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறைதான். வெளியே கொண்டுவந்து விட்ட மேனேஜர், "கொஞ்சூண்டுதானே சார், அது என்ன பண்ணிடப் போவுது?" என்றார். அந்தப் பேச்சைக் கேட்டதும் அதற்கு மேல் சண்டை பிடிக்காமல் தெருவைக் கடந்தேன். எதிர்க்கடைப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. நான் விடப்போவதில்லை. நீ பட்டினி மட்டும் கிடக்காதே. முட்டையாவது வேகவைத்துச் சாப்பிடு.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா


மே 19

அன்புள்ள வாயாடிக்கு,

கிடைத்துவிட்டது! மற்ற விஷயமெல்லாம் பிறகு. கடை கிடைத்துவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்க வாசலை ஒட்டி ஒரு சந்து இருக்கிறதே, அதில் நான்கே மேஜை போட்ட கடை. ஓர் அம்மாள் தனி ஆளாக நடத்துகிறாள். சோறு, கீரை, மீன், முட்டை, இவ்வளவுதான். நோயாளிகளுக்குத் துணைக்கு வருகிறவர்கள் வாங்கிப் போவதால் காரம்கூடக் குறைவு. கோதுமை உள்ளேயே வருவதில்லை. ஏன் என்று கேட்டேன். "ரொட்டி தேய்க்க எனக்குத் தோள்பட்டை வராதுங்க" என்றாள். அந்தத் தோள்பட்டைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

ஆனாலும் நான் சும்மா விடவில்லை. அலமாரியில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் இறக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, பொடி எழுத்தெல்லாம் படித்தேன். அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நீங்க சாப்பிட வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா?" என்றாள். கடைசியில் பிடித்தேன். பெருங்காய டப்பா! பெருங்காயத்தோடு மைதாவைக் கலந்துதான் தூளாக்குகிறார்களாம், அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். அவளிடம் காட்டினேன். அவள் முகம் மாறிப்போனது. எத்தனை பேருக்கு இதைத் தெரியாமல் போட்டேனோ என்று முணுமுணுத்துவிட்டு, டப்பாவை அப்படியே தூக்கிக் குப்பையில் போட்டாள். அன்றோடு பெருங்காயமே நிறுத்தம். இந்த ஊரில் என் பேச்சைக் கேட்டு ஒரு டப்பாவைத் தூக்கிப் போட்ட முதல் ஆள் அவள்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிலிருந்து இருபது நாளாக மத்தியானச் சாப்பாடு அங்கேதான். பரீட்சை பண்ணிப் பார்க்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்க தின்னு பார்த்து உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா அது என்னங்க பரீட்சை? உங்களுக்குத்தான் அந்த வியாதியே இல்லையே" என்றாள். அட, ஆமாம்! இருபது நாளாக எனக்கு இது தோன்றவில்லை. உன் அப்பனின் மூளை அவ்வளவுதான்.

சிரித்து முடித்துவிட்டு, நான் கை ஊன்றியிருந்த மேஜையைக் காட்டினாள். என் முழங்கை இருந்த இடத்தில் லேசாக வெள்ளை. சட்டைக் கையிலிருந்து உதிர்ந்திருக்கிறது. "பொண்ணு வர்ற அன்னிக்கு நீங்க உள்ள வரக்கூடாது, ஆமா. வெளிய பெஞ்சில உக்காருங்க, சோறு அங்க வரும்" என்று கண்டிப்பாகச் சொன்னாள். நான் சரி என்றேன். நீ உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவதை வெளியிலிருந்து பார்த்தால் எனக்குப் போதும். நீ வயிறு நிறையச் சாப்பிட்டுப் பார்த்து எத்தனை காலமாயிற்று!

அவள் இன்னொன்றும் கேட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் கடை வைத்திருக்கிறவள், நாலு விஷயம் காதில் விழும் இல்லையா? "இது பரம்பரையா வர்றதுன்னு சொல்வாங்களே, பொண்ணுக்கு யாருகிட்டேருந்து வந்துச்சு? அவங்க அம்மாவுக்கு இருந்துச்சா?" என்று கேட்டாள். எனக்கு நேரமாகிவிட்டது என்று கையைக் கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

நீ மூன்று மாதமாக வெளியே பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். நல்லது. ஆனால் அப்படி இருந்தும் வலி நிற்கவில்லை, பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாயே, அது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கேயோ ஒரு கரண்டி, ஒரு டப்பா உன் கண்ணுக்குத் தப்பியிருக்கும். தேடிப் பார். டாக்டரையும் பார்.

டிக்கெட் எடுத்ததும் எழுது. நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அப்பா


ஜூன் 11

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. இருபத்தாறாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று என்று எழுதியிருக்கிறாய். ஏழு கிலோ இளைத்துவிட்டாய் என்றும் எழுதியிருக்கிறாய். இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் ஏன் சரியாகவில்லை என்று டாக்டர் குழம்புகிறாராம். வீட்டில் வேறு யாருக்காவது குடலில் ஏதாவது இருந்ததா என்று கேட்டு, அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் கொண்டுவரச் சொன்னாராம். "அலமாரியில மேல் தட்டுல பச்சை ஃபைல் இருக்கும்ல, எடுத்து வைங்கப்பா, வரும்போது வாங்கிக்கறேன்" என்று எழுதியிருக்கிறாய்.

அந்த ஃபைல் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்பே நான் அதைக் கிழித்து பேக்கரி அடுப்பில் போட்டுவிட்டேன். ஏன் போட்டேன் என்று சொல்கிறேன். இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. இதைக் கிழிக்க மாட்டேன்.

உன் அம்மா காமாலையில் சாகவில்லை. ஒன்பது வயதுக் குழந்தையிடம் என்ன சொல்வது என்று அன்றைக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். அவளுக்குச் சிறுகுடலில் கட்டி. வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர், முற்றிவிட்டது என்று மறுபடி மூடிவிட்டார். அதற்கு முன் நான்கு வருஷம் அவள் பட்ட பாடு, இன்று நீ எழுதுகிறாயே, வரிக்கு வரி அதுதான். சாப்பிட்டதும் வயிறு உப்பும், பேதியாகும், ரத்தம் இல்லை என்பார்கள், சத்து மாத்திரை தருவார்கள். உனக்குப் பிறகு இரண்டு தங்காமல் போனது. கை வளையல் முழங்கை வரை ஏறும் அளவுக்கு இளைத்தாள்.

நான் ரொட்டிக்காரன். உடம்பு சரியில்லாதவர்களுக்கு ஊரே என்னிடம்தான் ரொட்டி வாங்கிப் போகிறது. என் பெண்டாட்டிக்கு வயிறு சரியில்லை என்றால் நான் என்ன செய்வேன்? அடுப்பிலிருந்து இறங்கும் முதல் ரொட்டியை ஓரத்தை அறுத்துவிட்டுப் பாலில் தோய்த்து அவள் வாயில் ஊட்டினேன். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, நான்கு வருஷம். அவள் வேண்டாம் என்று முகத்தைத் திருப்புவாள். கொஞ்சூண்டுதானே, என்ன பண்ணிடும், வாயைத் திற என்று அதட்டுவேன்.

இன்னும் கேள். நான் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போய்ப் பதினைந்து நாள் அங்கேயே தங்கிவிட்டேன். உனக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் நீயும் அவளும் வரவில்லை. வீட்டில் இரண்டு பேரும் கஞ்சியும் முட்டையுமாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள். நான் திரும்பி வந்தபோது அவள் மாடிப்படியிலிருந்து தானாக இறங்கி வந்தாள். முகத்தில் களை வந்திருந்தது. "என்னங்க, இந்தப் பதினஞ்சு நாளா வயிறு ஒரு தொந்தரவும் பண்ணலீங்க. ரொட்டி திங்காததுனாலயோ என்னமோ, எனக்கு அது ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன்" என்றாள். எந்த டாக்டரும் சொல்லாததை அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். ரொட்டிக்காரன் பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது என்றேன். தேறிவிட்டாய், இனி நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று அன்று சாயங்காலமே சூடாக ஒன்று கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, முழுதும் தின்ன வைத்தேன். என் மனம் நோகக்கூடாதே என்று அவள் தின்றாள். நான்காம் நாள் பழையபடி படுத்தாள். அதற்கப்புறம் ரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்ற பேச்சை அவள் எடுக்கவே இல்லை. ஒரு வருஷம்கூட இருக்கவில்லை.

உனக்குப் பத்தொன்பது வயதில் இந்த வியாதி என்று டாக்டர் நம் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? எந்தப் பசை வர வேண்டும் என்று நான் தினம் மாவை அறைந்து அறைந்து பிசைகிறேனோ அந்தப் பசைதான் விஷம் என்றார். அந்த நாற்காலியில் வைத்தே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அடுத்ததாக அவர், அம்மா எதனால் இறந்தார்கள் என்று கேட்டார். நீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். காமாலை என்றேன். உண்மையைச் சொன்னால் நீ அந்தக் கையை விட்டுவிடுவாய் என்று பயந்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஃபைலை எரித்தேன்.

நான் கோழை. அது என்னோடு போகட்டும் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். ஆனால் உன் டாக்டர் கேட்டிருப்பதைப் பார்த்தால், நான் மறைத்தது உன் உயிருக்கே வினையாகிவிடும் போலிருக்கிறது. அதனால் இதை அப்படியே அவரிடம் காட்டு. அம்மாவுக்கும் இதே வியாதி இருந்திருக்கிறது, யாரும் கண்டுபிடிக்கவில்லை, கோதுமையை விட்டபோது தேறினாள், மறுபடி தின்றபோது படுத்தாள், கடைசியில் சிறுகுடலில் கட்டி வந்து முப்பத்து நான்கு வயதில் இறந்தாள். உனக்கும் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் சொல். படம் எடுக்கச் சொல். ஒன்றும் இருக்காது. இருக்கக் கூடாது. ஆனாலும் பார்க்கச் சொல்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. இங்கே வராதே. நீ வர வேண்டும் என்று இரண்டு மாதம் தெருத் தெருவாக அலைந்தவன்தான் சொல்கிறேன், வராதே. அந்தப் பத்து நாள் லீவையும் ஆஸ்பத்திரிக்கு வைத்துக்கொள். நாளைக்கே போ, நாளை மறுநாள் என்று தள்ளாதே. கடைக்கார அம்மாளுக்கு நான் எப்படியோ சொல்லிக்கொள்கிறேன்.

துணைக்கு நான் அங்கே வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ வா என்றால் அடுத்த வண்டியில் வருவேன். வராதே என்றால் இங்கேயே இருப்பேன். என்னை மன்னிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. எனக்கு நீ ஒரு வரிகூட எழுத வேண்டாம். டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் உன் சிநேகிதி யாரையாவது எழுதச் சொல். 'மகாராணி' என்று கூப்பிடுகிறவர்களில் ஒருவர் எழுதினாலும் சரி.

நீ நூறு வயது இருக்க வேண்டும். அவள் சொன்னபோது நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. இப்போது நான் சொல்கிறேன், நீயாவது கேளம்மா.

அப்பா